486-இல் ‘சி டிரைவ் ஃபெயிலியர்’: டிஸ்க் போகவில்லை

உங்கள் பழைய 486 கணினியைப் போட்டால் ‘சி டிரைவ் ஃபெயிலியர்’ என்று வருகிறது என்கிறீர்கள். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயாஸ் செட்டப்புக்குள் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள தாளில் டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை அப்படியே அடித்துச் சேமியுங்கள். பெரும்பாலும் டாஸ் 6.22 (அந்தக் காலத்து இயங்குதளம்) எழுந்துவிடும்.

டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் ஒரு வருஷம் மூடிக் கிடந்த பெட்டி, தேதியும் 1980-க்குப் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் தேதியையும் டிஸ்க் எண்களையும் காத்து வைக்கும் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். அந்த எண்களும் அதோடு மறந்துபோயிருக்கும்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். பீப்பாய் போல நீலமாக ஒரு 3.6 வோல்ட் பேட்டரி இருக்கிறதா? அதைச் சுற்றிப் பச்சைப் படலம் இருந்தால் கசிந்துவிட்டது. டர்பன் கடற்காற்றில் அது இன்னும் வேகமாகத் தின்னும். என் போர்டில் முடி போன்ற இரண்டு செம்புக் கோடுகளை அரித்தேவிட்டது. இன்றே பேட்டரியைக் கழற்றுங்கள். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அந்த இடத்தில் சாதாரணக் காசு பேட்டரியை நேராக வைக்கக் கூடாது. போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், ஆபத்து.

எண் மாறினால் டிஸ்க் காலியாகத் தெரியலாம். அப்போது எஃப்டிஸ்க், ஃபார்மேட் (டிஸ்க்கைப் பிரிக்கும், அழிக்கும் கட்டளைகள்) எதையும் தொடாதீர்கள். அப்பாவின் கணக்குகள் அதில்தானே இருக்கின்றன.