இருபது கிணறு, இரண்டு நாள்: ஒரு கடிதம்

அன்பின் ஐயா,

எங்கள் பங்கு இளைஞர்கள் பதினைந்து பேர் இந்தத் தவக்காலத்தில் வெள்ளம் புகுந்த கிணறுகளை இறைத்து மருந்து போட இருக்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிக் கரையில் பத்து, மூதூர்ப் பக்கம் பத்து. சனி, ஞாயிறு இரண்டு நாள். 2 அங்குலப் பெற்றோல் தண்ணீர்ப் பம்பு ஒன்றும் ரி.சி.எல். என்கிற குளோரின் தூள் ஒரு வாளியும் தயார். கிணற்றுக்கு ஒரு மீன்ரின் அளவு தூள் போடுவோம். ஆழமான கிணறென்றால் பம்பைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கலாம். இழுபறி ஒன்றில்தான்: பங்கின் பெயரோடு பதாகை கட்டுவதா? "உங்கள் ஒளி மனிதர்முன் ஒளிரட்டும்" என்கிறது ஒரு பகுதி. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்கிறது மற்றப் பகுதி. முஸ்லிம் வீடுகளும் உள்ள ஊர், மதம் மாற்ற வந்தோம் என்று நினைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புத் தம்பி,

பதாகை வேண்டாம். இரண்டு வசனமும் ஒரே மலைப்பொழிவில், ஒரு அதிகாரம் தள்ளி வருகின்றன. சொன்னவருக்கு அதில் சிக்கல் இருந்ததாகத் தெரியவில்லை. மதமாற்றப் பயத்துக்கு, ஒரு கிழமை முன்னதாகவே வீட்டுக்காரரையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் போய்க் கண்டு கதையுங்கள். பாதி அதிலேயே தீரும்.

இவ்வளவு நேரம் பதாகைக்காகச் சண்டை பிடித்த பதினைந்து பேரில் ஒருவர்கூட அந்த "உள்ளே இறக்கலாம்" என்ற சொல்லில் தடக்கி நிற்கவில்லையா? அதுதான் எனக்குக் கோபம். மேலே வைத்து உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரைத் தூக்காது. அதனால்தான் ஆட்கள் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். பெற்றோல் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவன் மயங்குவான். அவனைத் தூக்க இறங்குகிறவன் அவன்மேலேயே விழுவான். விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று சொல்லாதீர்கள். விளக்கு ஒட்சிசன் குறைந்தால் அணையும், இந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது. ஆழக் கிணற்றை வாளியால் இறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

நிலாவெளிக் கரைக் கிணறுகளை இறைக்கவே வேண்டாம். கடற்கரை மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஓர் அடியை உறிஞ்சி எடுத்தால் கீழே என்ன ஏறப் பார்க்கும் என்று நீங்களே யோசியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உதவ வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்பைக் கழுவியது பெரும்பாலும் மழைதான். தவக்காலம் வருவது மாசி, பங்குனியில். இப்போது உப்பை மேலே இழுத்துவிட்டால் அதை அமுக்க ஐப்பசி மழை வரவேண்டும். அதுவரை அந்த வீட்டுக்காரர் உப்பைக் குடிப்பார், நீங்கள் உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடுவீர்கள். அந்தக் கிணறுகளில் மிதப்பதை அள்ளுங்கள், சேற்றை வாளியால் மெதுவாக எடுங்கள், மருந்து போடுங்கள். அவ்வளவுதான்.

மூதூர்ப் பக்கம் வயல்வெளிக் கிணறுகளை இறைக்கலாம், ஆனால் மெதுவாக. ஒரேயடியாக வெறுமையாக்கினால் வெளியே நிற்கும் நீரின் அழுத்தத்தில் மணல் உள்ளே பாயும், சீமெந்து வளையம் விலகும். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விட்டால் அது திரும்ப உள்ளேதான் போகும். குழாயை நீட்டி, சரிவான பக்கம் விடுங்கள்.

இனி மருந்து. மீன்ரின் கணக்கை எறியுங்கள். உள்விட்டம் 4 அடி, தண்ணீர் 5 அடி உள்ள கிணற்றில் ஏறத்தாழ 1,780 லீற்றர் இருக்கும். உள்விட்டம் 8 அடி, தண்ணீர் 10 அடி என்றால் 14,200 லீற்றர். எட்டு மடங்கு! இரண்டுக்கும் ஒரே ரின் போட்டால் ஒன்றில் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, மற்றதில் கிருமி சுகமாக இருக்கும். 1,000 லீற்றருக்கு 20 கிராம் குளோரின் வேண்டும். தூளில் 30 வீதம் குளோரின் இருந்தால் 67 கிராம் தூள். சின்னக் கிணற்றுக்கு 120 கிராம், பெரியதற்கு 950 கிராம். சமையல் தராசு போதும். ஆனால் வாளி எப்போது திறந்தது? திறந்துவைத்த தூள் திருகோணமலைக் காற்றின் ஈரத்தில் பலம் இழந்துவிடும், பழசானால் பாதிகூட மிஞ்சாது. மூடி முத்திரை உடையாத புதியதை வாங்குங்கள்.

தூளை நேரே கிணற்றில் கொட்டக் கூடாது. பிளாஸ்ரிக் வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு நிரப்பிக் கலக்கி, அரைமணி நேரம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும், மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். சுவரைச் சுற்றி ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். சேறு எடுக்காத கிணற்றில் இது வீண், சேறே குளோரினைத் தின்றுவிடும். இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் மணம் குறையும்வரை அள்ளி ஊற்றுங்கள், தோட்டத்திலோ குளத்திலோ அல்ல. லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சிய குளோரின் காட்டினால் சரி. அதைச் சோதனைப் பெட்டிதான் சொல்லும், மூக்கு சொல்லாது. வயலில் அடித்த கிருமிநாசினியும் உப்பும் குளோரினுக்குப் போகாது என்பதையும் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த இரவு வீட்டில் தண்ணீர் இல்லை. இந்த ஆண்டுகளில் தவக்காலமும் நோன்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழும்புகிற வீட்டில் சமைக்கவும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யவும் தண்ணீர் வேண்டாமா? ஆளுக்கு 15 லீற்றர்படி ஐந்து பேருக்கு 20 லீற்றர் கான் நாலு நிரப்பிவைத்துவிட்டுத் தூளைக் கரையுங்கள். மதம் மாற்றவா வந்தார்கள் என்று கேட்கிறவருக்கு அந்த நாலு கானைக் காட்டலாம்.

நல்ல சமாரியர் உவமையில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுப் போட்டதோடு நம் பிரசங்கங்கள் முடிந்துவிடுகின்றன. மறுநாள் அவர் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார், ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். பிறகு, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். திரும்பி வரும்போது! உங்கள் இரண்டு நாள் திட்டத்தில் அந்தச் சொல் எங்கே? மருந்து போட்ட கிணற்றில் சில நாளில் மண்ணிலிருந்து கிருமி திரும்ப வரும். ஒரு கிழமை கழித்து ஒருவர் போய்ச் சோதிக்க வேண்டும், மாதம் கழித்து இன்னொருவர். அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். சேறு எடுக்க ஒரு பகல், மருந்துக்கு ஓர் இரவு, அள்ளிச் சோதிக்க மறுநாள் என்று பார்த்தால் பதினைந்து பேருக்கு ஐந்து கிணறுதான் கணக்கு. இருபது என்பது அறிக்கைக்கான எண்.

எந்த ஐந்து? திருத்தூதர் பணி ஆறாம் அதிகாரத்தை ஒருமுறை பாருங்கள். திருச்சபையின் முதல் பந்தியிலேயே கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டார்கள். தெரிவான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். ஆகவே உங்கள் ஊர்ப் பட்டியலை உங்களுக்குத் தெரிந்தவர்கள் மட்டும் எழுதக் கூடாது.

கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் இருக்கும். அதற்கு முன் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். சோதனைப் பெட்டி அவரிடம் இரவல் கிடைத்தாலும் கிடைக்கும். காலையிலேயே போங்கள், களத்துக்கு இறங்கிவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது.