வரி போக மிஞ்சும் வருமானத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நெட் இன்கம், டேக் ஹோம் பே, டிஸ்போசபிள் இன்கம் ஆகிய மூன்றும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல. வருமான வரியை மட்டும் கழித்த தொகையைக் குறிப்பிட வேண்டுமானால் ஐயத்துக்கு இடமில்லாத சொல் 'ஆஃப்டர் டாக்ஸ் இன்கம்' என்பதே. மற்றவற்றில் வரியோடு வேறு என்னென்ன கழிந்திருக்கிறது என்பது, அச்சொல்லை ஆள்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும்.

சம்பளப் பட்டியல் தயாரிப்பதே என் வேலை என்பதால் ஒரு சம்பளச் சீட்டை வைத்தே விளக்குகிறேன். ஒருவருடைய கிராஸ் சேலரி (பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்) மாதம் 1,50,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 75,000 ரூபாய் என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 ரூபாய் போக அவர் செலுத்த வேண்டிய ஆண்டு வரி, செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி) உட்பட, 1,50,800 ரூபாய்; அதாவது மாதந்தோறும் ஏறத்தாழ 12,567 ரூபாய் டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடிக்கப்படும். எனவே அவருடைய ஆஃப்டர் டாக்ஸ் இன்கம் 1,37,433 ரூபாய். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொகை பெரும்பாலான சம்பளச் சீட்டுகளில் தனியாக அச்சாவதே இல்லை. அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 9,000 ரூபாயும், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை 10,000 ரூபாயும் பிடித்ததுபோக வங்கிக் கணக்கில் வரவாகும் 1,18,433 ரூபாயைத்தான் சீட்டின் கடைசி வரிசை 'நெட் பே' என்கிறது. டேக் ஹோம் பே என்பதும் இதுவே. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுவதால், அந்த மாதத்தில் இது இன்னும் சற்றுக் குறையும். நம் அலுவலகங்களில் புழங்கும் 'இன் ஹேண்ட் சேலரி'யும் இதே தொகைதான் என்றாலும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது டேக் ஹோம் பே என்று எழுதுவதே நல்லது.

நெட் இன்கம் என்ற சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நிறுவனக் கணக்கில் அது செலவு, வட்டி, வரி எல்லாம் போன நிகர லாபம். வருமான வரிக் கணக்கில் வரும் 'நெட் டாக்ஸபிள் இன்கம்' என்பதோ, கழிவுகள் நீங்கிய பிறகு வரி விதிக்கப்பட வேண்டிய தொகை; அதிலிருந்து வரி இன்னும் போகவில்லை. ஆகவே வங்கிக் கடன் படிவத்தில் நெட் மந்த்லி இன்கம் என்று கேட்டிருந்தால் சம்பளச் சீட்டின் கடைசியில் உள்ள நெட் பே தொகையை எழுதுங்கள், வரிக் கணக்கில் உள்ள தொகையை எழுதாதீர்கள்.

டிஸ்போசபிள் இன்கம் பொருளியலார் சொல். வரியும் சட்டப்படி கட்டாயமான பிடித்தங்களும் போகக் குடும்பம் செலவழிக்கவோ சேமிக்கவோ கூடிய தொகை அது. வாடகையும் மளிகையும் அதிலிருந்துதான் போக வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டப் பொருளும் உண்டு: 1968ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்காக ஒருவருடைய சம்பளத்தைப் பிடித்தால், அவருடைய 'டிஸ்போசபிள் எர்னிங்ஸ்' தொகையில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. தானே விரும்பிக் கட்டும் தவணைகளை அங்கே கழித்துக் காட்ட இயலாது.

அத்தியாவசியச் செலவுகளும் போக விருப்பம்போல் செலவிட மிஞ்சுவதை டிஸ்க்ரிஷனரி இன்கம் என்பார்கள். பேச்சு வழக்கில் பலர் இதைச் சொல்ல நினைத்துத்தான் டிஸ்போசபிள் என்று சொல்லிவிடுகிறார்கள்.