கமடோர் 64 கோளாறு: கேட்டதும் சொன்னதும்

திருநகரில் முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான், பழைய கம்ப்யூட்டர் மேல் கிறுக்கு. கேளுங்க.

உசிலம்பட்டித் தம்பி: அண்ணே, மாமா 1985-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கமடோர் 64 வீட்டுக் கம்ப்யூட்டர். சிவப்பு லைட் எரியுது, டிவி வெறும் கருப்பு. பிஎல்ஏ சிப்பை (எந்தச் சிப் எப்போ பேசணும்னு முடிவு பண்றது) மாத்திடவா?

பொறு தம்பி. அந்தச் செங்கல் மாதிரி அடாப்டரை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் 5 வோல்ட்டை அள, 5.25-ஐத் தாண்டினால் மறுபடி சொருகவே கூடாது. உள்ளே எபாக்ஸி ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியே போக வழியில்லை, ரெகுலேட்டர் வெந்து வெந்து ஒருநாள் வோல்டேஜ் எகிறும், முதல் சாவு ரேமுக்குத்தான். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் அதன்மேல் துணி போட்டு மூடி ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்! இன்றைக்குச் சரியாகக் காட்டினாலும் நம்பாதே, 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி தரும் புது சப்ளை ஏற்பாடு செய். அதற்கப்புறமும் கருப்புத்தான் என்றால் பிஎல்ஏ மேல் சந்தேகப்படு.

மேலூர்: சப்ளை புதுசு அண்ணே. எட்டு ரேமில் எது போச்சுன்னு எப்படிப் பார்க்க?

ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடு. ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். திரையில் படம் காட்டும் விஐசி சிப் இயல்பிலேயே கொதிக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதே. சுடவில்லையென்றால், ஆஃப் செய்துவிட்டு நல்ல 4164 ரேம் சிப் ஒன்றை ஒவ்வொரு ரேமின் முதுகிலும் வெட்டுக்குறி ஒரே பக்கம் இருக்கும்படி உட்கார வைத்துப் பார். உள்ளே ஷார்ட் ஆன சிப்பை இந்த வித்தை காட்டிக்கொடுக்காது. பின்னால் சொருகிச் சோதிக்கும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் நல்லது, திரை எத்தனை தடவை மின்னுகிறதோ அதை வைத்துக் கெட்ட சிப்பைக் கண்டுபிடிக்கலாம். எம்டி (மைக்ரான் கம்பெனி) என்று அச்சடித்த ரேம் இருந்தால் நான் முதலில் அதைத்தான் பிடிப்பேன்.

அண்ணாநகர்த் தங்கச்சி: சத்தம் வரலை. என்னோடது 6581 சிட், அதான் சத்தம் போடுற சிப். நண்பர் பின்னால் வந்த 8580 சிட் தர்றார், போடலாமா?

வேண்டாம்மா. 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட்தான். நண்பர் சிப்பும் போய்விடும், நட்பும் போய்விடும்.

திருமங்கலம்: நாலைந்து கீ மட்டும் வேலை செய்யலை.

முதலில் கீபோர்டைக் கழற்றித் துடை. ஒரே வரிசை மொத்தமும் செத்திருந்தால் கீபோர்டைப் படிக்கும் சிஐஏ 6526 சிப் மேல் சந்தேகப்படு. போர்டில் அது இரண்டு இருக்கிறது, சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்.

மேலூர்: ரேமைக் கழற்றும்போது போர்டில் இருக்கிற செம்பு டிராக் பிய்ஞ்சுடுமோன்னு பயமா இருக்கு.

கெட்டதுதானே, காப்பாற்ற நினைக்காதே. கட்டரால் கால்களை நறுக்கிவிட்டு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவு, ஓட்டையில் இருக்கும் ஈயத்தைப் பம்ப்பால் உறிஞ்சு, அந்த இடத்தில் 16 கால் சாக்கெட் வை.