கைவினை கேள்வி–பதில்: பேண்ட் ஏன் சுருள்கிறது?

ஆகஸ்ட் முதல் ஞாயிறு நெருங்கினால் ஃப்ரெண்ட்ஷிப் பேண்ட் கடிதங்கள் குவிந்துவிடும். பழைய வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

ஒன்பது வயது மகளுக்கு எம்ப்ராய்டரி நூலில் பேண்ட் போடச் சொல்லித்தர வேண்டும். என்ன வாங்குவது, எவ்வளவு நூல் வெட்டுவது?
– வாசகி, சத்துவாச்சாரி

கடையில் வெறுமனே ‘எம்ப்ராய்டரி நூல்’ என்று கேட்டால் மெஷினுக்குப் போடும் மினுமினுப்பான நூல்கண்டை எடுத்துக் கொடுத்துவிடலாம். அது வழுக்கும், முடிச்சு நிற்காது. கை எம்ப்ராய்டரிக்கான காட்டன் நூல், ஆறு இழை, 8 மீட்டர் கட்டு என்று விவரமாகக் கேளுங்கள். துணியில் பூப்போடும்போது இரண்டு மூன்று இழையாகப் பிரிப்போமே, இங்கே அப்படிப் பிரிக்கக் கூடாது. ஆறு இழையும் சேர்ந்ததுதான் ஒரு நூல்.

தொடக்கத்துக்கு நாலு கலர் போதும். ஒவ்வொன்றிலும் 1.8 மீட்டர் வெட்டி, நாலையும் சேர்த்துப் பாதியாக மடித்து, மடிப்பில் ஒரு சின்ன வளையம் விட்டு முடிச்சிடுங்கள். 90 சென்டிமீட்டர் நீளத்தில் எட்டு நூல் தொங்கும். பேண்ட் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம் வரும். ஒரு கட்டில் இப்படி நாலு முறை வெட்டலாம் என்பதால், நாலு கட்டு வாங்கினால் நாலு பேண்ட். மேல் வளையத்தைப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டிவிட்டால் குழந்தைக்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். தலையணையில் ஊக்கு குத்தியும் செய்யலாம், ஆனால் இழுக்க இழுக்கத் தலையணையும் கூடவே வரும்.

சாய்வுக் கோடு டிசைன் போட்டேன். பாதி வந்ததும் பேண்ட் ஸ்க்ரூ மாதிரி சுருண்டுகொள்கிறது. இன்னொன்று, நீல வரிசையில் அங்கங்கே மஞ்சள் புள்ளி எட்டிப் பார்க்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில் புள்ளி. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நூல் சுற்றும், ஒரு நூல் நிற்கும். இடது ஓரத்து நீலத்தைப் பக்கத்து மஞ்சள் மேல் ‘4’ போலப் படுக்கவைத்து, மஞ்சளுக்கு அடியில் நுழைத்து, அந்த நாலின் இடைவெளி வழியாக மேலே எடுக்கிறோம். இழுத்து இறுக்கும்போது இடது கையில் இருக்கும் மஞ்சள், தறியில் பாவு நிற்பதுபோல விறைப்பாக நிற்க வேண்டும். அதைத் தளரவிட்டு நீலத்தை மட்டும் வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு புரண்டுவிடும். நீலம் நேராகி, மஞ்சள் அதைச் சுற்றிக்கொள்ளும். உங்கள் புள்ளி அதுதான். அந்த இடத்தை ஊசி முனையால் நெம்பி, கடைசியாகப் போட்ட சுற்றிலிருந்து பின்னோக்கிப் பிரித்துத் திரும்பப் போடுங்கள். அடுத்த வரிசை போட்டால் மறைந்துவிடும் என்று விட்டால் மறையாது.

இப்போது சுருட்டல். ஒரு முடிச்சு என்பது ஒரே நூல் மேல் இரண்டு சுற்று. பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவதை மறப்பதுதான் வழக்கமான தவறு. ஒற்றைச் சுற்று ஒரு பக்கமாகவே திருகும், இரண்டாவது விழுந்தால்தான் முடிச்சு அசையாமல் உட்காரும். எட்டு நூலுக்கு ஒரு வரிசையில் 7 முடிச்சு, 14 சுற்று. எண்ணிக்கொண்டே போடுங்கள். அதிகம் இறுக்குவதும் சுருட்டும். முடிச்சு நிற்கும் அளவு இழுத்தால் போதும், நூல் கிரீச்சிட வேண்டாம்.

எல்லாம் சரியாகப் போட்டாலும் சாய்வுக் கோடு கொஞ்சம் கோணும், ஏனென்றால் எல்லா முடிச்சும் ஒரே திசையில் போகிறது. முடிந்ததும் ஈரத்துணியை மேலே போட்டு அயர்ன் செய்தால் படிந்துவிடும். நம் சிபாரிசு ‘வி’ டிசைன். நூல்களை 1-2-3-4-4-3-2-1 என்று கலர் வாரியாக அடுக்கி, இடது ஓரத்து நூல் வலப்பக்கமாக மூன்று முடிச்சு, வலது ஓரத்து நூல் இடப்பக்கமாக மூன்று முடிச்சு. இரண்டும் நடுவில் சந்தித்ததும் ஒன்றோடொன்று ஒரு முடிச்சு. திருகல் இரு பக்கமும் சமமாகிவிடும். அந்த நடு முடிச்சை விட்டால் மட்டும் பேண்ட் நடுவில் பிளந்து நிற்கும்.

வீட்டில் தறியில் மிஞ்சும் பட்டு நூல் இருக்கிறது. அதில் போடலாமா?
– வாசகர், ஆரணி

போடலாம், ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பாவுப் பட்டு மிக மெல்லியது. பல இழை சேர்த்து முறுக்கினால்தான் எம்ப்ராய்டரி நூல் பருமன் வரும், முறுக்கு குறைந்தால் நகத்தில் சிக்கிப் பிரியும். பட்டு வழுக்கும் என்பதால் முனை முடிச்சை இரண்டு தடவை போடுங்கள். பின்னல் பேண்டுக்குப் பட்டு அழகு. முடிச்சு டிசைனுக்குக் காட்டனே மேல்.

சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் போட்டேன். ஒரே நாளில் வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது.
– வாசகி, ஆம்பூர்

சாயம் நிற்காத நூல். ஆடியிலும் நம் ஊரில் வியர்வைக்குக் குறைவா என்ன? சிவப்பு, கருநீலம், கறுப்பு வாங்கினால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால், கட்டைப் பிரிக்காமலே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம். சாயம் ஏறிய பேண்டைக் காயும் முன்பே குளிர்ந்த நீரில் அலசுங்கள். அதன் மேல் அயர்ன் வைத்தால் கறை நிலைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுப்புத் தோழிகள் 20 பேருக்கு வேண்டும். முடியுமா?
– பிளஸ் ஒன் மாணவி, காட்பாடி

‘வி’ டிசைனில் முடியாது. பழகிய கைக்கே ஒன்றுக்கு ஓரிரு மணி நேரம் ஆகும். சடைப் பின்னல் போடுங்கள். மூன்று கலர், கலருக்கு இரண்டு நூல், ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர். ஒரு கட்டில் 17 நூல் கிடைக்கும், உங்களுக்குக் கலருக்கு 40 வேண்டும். ஆகவே கலருக்கு மூன்று கட்டு, மொத்தம் ஒன்பது. எல்லா நூலையும் முதலிலேயே வெட்டி, ஆறு ஆறாகச் சேர்த்து முனையில் முடிச்சிட்டு வைத்துவிடுங்கள். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்தும் பின்னலாம். கட்டுவதற்கு இரு முனையிலும் 8 சென்டிமீட்டர் விடுங்கள்.