காயில் கட்டக் கொடுப்பதற்கு முன்னால்: பட்டறை மெஷின் கேள்வி பதில்

ரீவைண்டிங், அதாவது மோட்டாரில் எரிந்துபோன காயிலை (செம்புக் கம்பிச் சுற்றை) மறுபடி சுற்றிக் கட்டுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது, இருந்தாலும் சொல்கிறேன், "காயில் போச்சு" என்று கொண்டுவருகிற மெஷின்களில் பலவற்றில் காயில் நன்றாகவே இருக்கும். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். மெஷினைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

கேள்வி (வெல்டிங் பட்டறை, ஓசூர்): அண்ணே, இரும்பு தேய்க்கிற 4 இஞ்ச் கிரைண்டரில் காற்று ஓட்டை வழியாகவே பொறி தெரிகிறது. கார்பன் மாற்றியும் நிற்கவில்லை. ஆர்மேச்சர் போயிருக்குமா?

எப்படிப்பட்ட பொறி என்று பாருங்கள் தம்பி. ஆர்மேச்சர் என்பது காயில் சுற்றிய, சுழல்கிற பகுதி, கார்பன் அதற்குக் கரண்ட் கொடுக்கிற கட்டி. அந்தக் கார்பன் நுனியில் சின்னச் சின்ன நீலப் பொறி எந்த மெஷினிலும் வரும். புதுக் கார்பன் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அதன் முகம் கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சரில் கார்பன் உரசுகிற செப்புப் பட்டை வளையத்தின்) வளைவுக்கு இன்னும் தேய்ந்து படியவில்லை, லோடு கொடுக்காமல் சில நிமிடம் ஓடவிட்டால் அடங்கிவிடும். அடங்காமல் பொறி கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடுகிறதா, அப்போது ஆர்மேச்சர் மேல் சந்தேகப்படலாம், உள்ளே ஒரு காயில் அறுந்திருக்கும் அல்லது ஷார்ட் ஆகியிருக்கும்.

ஆர்மேச்சரை வெளியே எடுத்துச் செப்புப் பட்டைகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு பட்டை மட்டும் கருகி மற்றவை பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. மல்டிமீட்டரைக் குறைந்த ஓம்ஸில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளாகச் சுற்றி வாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஏறினால் அறுந்த காயில், இறங்கினால் ஷார்ட். ஆனால் இந்த அளவே ஒரு ஓமுக்குக் கீழே இருக்கலாம், விலை குறைந்த மீட்டர் ஷார்ட்டைக் காட்டிக்கொடுக்காது, அதற்கு ரீவைண்டிங் கடையில் குரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கிற மின்காந்தக் கருவியில்) வைத்து ஹாக்சா பிளேடு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஷார்ட் ஆன இடத்தில் பிளேடு அதிரும். பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது.

எல்லா அளவும் சரியாக வந்தால் அழுக்குதான். 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், எமரி தாள் வேண்டாம், அதன் தூள் பட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து புதுத் தொல்லை கொடுக்கும். நடுவில் உள்ள மைக்கா (கரண்ட் கடத்தாத தகடு) செம்பின் மட்டத்துக்கு வந்திருந்தால் கார்பன் குதிக்கும், அதையும் அரை மில்லி ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே பொறிதான். வெல்டிங் பட்டறையில் இரும்புத் தூளை மெஷினே உள்ளே இழுத்துக்கொள்ளும், வாரம் ஒரு தடவையாவது காற்று அடியுங்கள்.

கேள்வி: டிரில் மெஷின் நேற்று வரை ஓடியது, இன்று சத்தமே இல்லை.

சத்தமே இல்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. முதலில் ஒயர், அதுவும் கைப்பிடிக்குள் நுழைகிற இடம், தினமும் வளைந்து வளைந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேலே ரப்பர் அப்படியே இருக்கும். அடுத்து கார்பன், தேய்ந்து 5, 6 மில்லிக்கு வந்தாலோ ஹோல்டரில் சிக்கிக்கொண்டாலோ கம்யூட்டேட்டரைத் தொடாது. கடைசியில் சுவிட்சு. பிளக்கின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து சுவிட்சை அழுத்தினால் சில ஓம்ஸ் காட்ட வேண்டும் என்பார்கள், சாதா சுவிட்சுக்கு அது சரி. வேகம் கூட்டிக் குறைக்கிற சுவிட்சு என்றால் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, நல்ல மெஷினிலும் மீட்டர் ஒன்றும் காட்டாது. அதற்கு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மெஷினுக்குப் போகிற ஒரு ஒயரின் நடுவில் போட்டு அழுத்திப் பாருங்கள், எரிந்தால் வழி இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

கேள்வி: பெஞ்ச் கிரைண்டர் "உம்ம்" என்று சத்தம் போடுகிறது, சுற்றவில்லை. காயில் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். சுவிட்சை நிறுத்திவிட்டு கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றினால், ஒரு சுண்டு சுண்டிவிட்டு, கையை எடுத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைப் போடுங்கள். வேகம் பிடித்துக்கொண்டால் ரன்னிங் காயில் வேலை செய்கிறது, பழுது ஸ்டார்ட் ஆகிற பக்கம்தான், கெப்பாசிட்டர் (ஸ்டார்ட் ஆக உதவுகிற டப்பா) பலவீனமாகியிருக்கும், அல்லது சென்ட்ரிஃபியூகல் சுவிட்சு (வேகம் பிடித்ததும் தானாக விட்டுக்கொள்வது) உள்ள மாடலில் அதன் பாயின்ட் கருகியிருக்கும். கெப்பாசிட்டர் மேல் எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபாரடில் வாங்குங்கள், "பெரிசா போட்டா பவர் கூடும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகும். பழையதைத் தொடுவதற்கு முன் அதே குண்டு பல்பை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். சுற்றாமல் உறுமும்போது இரண்டு விநாடிக்கு மேல் சுவிட்சை விட்டுவைக்காதீர்கள், அப்போதுதான் நல்ல காயில் எரியும்.

கேள்வி: 2 ஹெச்பி கம்ப்ரசர் வீட்டில் ஓடுகிறது, ஷெட்டுக்கு 30 மீட்டர் ஒயர் இழுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒயர் 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர் செம்பு).

நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். 1 ஸ்கொயர் செம்பில் போக வர 60 மீட்டருக்கு 1.1 ஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸ். ஓடும்போது 10 ஆம்பியருக்கு 11 வோல்ட்தான் போகும், தெரியாது. ஸ்டார்ட்டிங்கில் 50 ஆம்பியரை ஒட்டி இழுக்கும்போது 50 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 230க்குப் பதில் 175 வோல்ட் கிடைத்தால் இழுவை கிட்டத்தட்ட 58 சதவீதம்தான். 4 ஸ்கொயர் போடுங்கள். கூடவே, கம்ப்ரசர் நிற்கும்போது "புஸ்" என்று காற்று வெளியேறுகிறதா என்று கவனியுங்கள், இல்லையென்றால் ஹெட்டில் பிரஷர் தங்கி மோட்டாரை அமுக்கும்.

கேள்வி (மரக்கடை, செங்கோட்டை): த்ரீ ஃபேஸ் ரம்பம். ஒரே வருடத்தில் இரண்டு தடவை காயில் கட்டியாகிவிட்டது, மறுபடி எரிந்துவிட்டது. கட்டியவர் சரியில்லையா?

இருக்கலாம், ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் எரிந்த காயிலைப் பிரிக்காமல் வைத்துப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. மூன்று ஃபேஸ் காயிலின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஸ்டார், மூன்றையும் முக்கோணமாகக் கோத்தால் டெல்டா. ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு ஃபேஸ் காயில் கருகி ஒன்று புதுசு மாதிரி இருந்தால், அல்லது டெல்டாவில் ஒன்று கருகி இரண்டு நன்றாக இருந்தால், ஓடும்போது ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கிறது. ப்யூஸ், ஸ்டார்ட்டரின் கான்டாக்ட், லூசான டெர்மினல், மூன்றையும் பாருங்கள். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு: மொக்கை ரம்பம், லோ வோல்டேஜ், ஃபேன் கவரை அடைத்த மரத்தூள். மரத்தூள் அடைப்பைத் தவிர எதுவானாலும் ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்சு) தட்டிவிட்டிருக்க வேண்டும், ஏன் தட்டவில்லை? அடிக்கடி தட்டுகிறதென்று யாராவது அதைக் கடைசி வரை ஏற்றி வைத்திருப்பார்கள். 5 ஹெச்பிக்கு மோட்டாரின் நேம் பிளேட்டில் 7.5 ஆம்பியர் போட்டிருந்தால், நேரடி ஸ்டார்ட்டரில் ரிலேயும் அங்கேதான் நிற்க வேண்டும்.

கேள்வி: கிரைண்டர் லேசாக ஷாக் அடிக்கிறது, ஆனால் நன்றாக ஓடுகிறது.

ஓட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே படிந்த கார்பன் தூளும் இரும்புத் தூளும்தான், சுத்தம் செய்துவிட்டு 500 வோல்ட் மெகரில் (கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷனை அளக்கிற மீட்டரில்) பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கையில் எடுக்கவே கூடாது. பட்டறை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்சு) இல்லையென்றால் மெஷினுக்கு முன் அதை வாங்குங்கள்.

கேள்வி: ஆர்மேச்சர் கட்டுவதா, புதுசு வாங்குவதா?

சின்ன கிரைண்டர், டிரில்லுக்குப் புது ஆர்மேச்சர், பழையதைக் கட்டினால் பேலன்ஸ் சரியாக வருவது கஷ்டம், ஆர்மேச்சர் சுற்றுகிற வேகத்தில் அது பேரிங்கைத் தின்றுவிடும். பெஞ்ச் கிரைண்டர், ரம்பம், கம்ப்ரசருக்குக் காயில் கட்டலாம், செம்பா அலுமினியமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.