இருமும்போது வரும் பிடரி வலி: கியாரி குறைபாடு குறித்துக் கேள்வி பதில்

சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்தை நோக்கி இறங்கி நிற்கும் கியாரி குறைபாடு பற்றியும், நாள்பட்ட வலிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் சொல்லுக்கு இவை மாற்றாகிவிடாது.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாகத் தலைவலி. சென்ற வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ அறிக்கையில் ‘கியாரி வகை 1, சிறுமூளை 6 மில்லிமீட்டர் இறங்கியுள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். மூளை இறங்கிவிட்டது என்றால் உயிருக்கு ஆபத்தா?

அந்த ஒரு வரி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அதை முதலில் விளக்கிவிடுகிறேன். மண்டையோட்டின் அடியில், தண்டுவடம் கீழே இறங்கும் இடத்தில், பெருந்துளை என்ற வாசல் இருக்கிறது. சிறுமூளையின் அடியில் சிறு நாக்குகளைப் போன்ற இரண்டு முனைகள் அந்த வாசலுக்கு மேலே இருக்க வேண்டும். பிடரிப் பக்கத்து எலும்பறை வளரும்போதே குறுகலாக அமைந்துவிட்டால், இடம் போதாமல் அந்த முனைகள் வாசலுக்குள் இறங்கி நிற்கின்றன. பிராக் நகரில் பணியாற்றிய நோய்க்கூறியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி 1891-இல் இதை விவரித்தார். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் வகை 1 என்று குறிப்பது வழக்கம்.

ஆனால் இந்த அளவு உங்கள் நோயின் அளவு ஆகாது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், நோய் என்று சொல்லி வராத 2,000 பொதுமக்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. அவர்களில் 18 பேருக்கு இதே அமைப்பு இருந்தது. எம்.ஆர்.ஐ பரவலாவதற்கு முன் மிக அரிது என்று கருதப்பட்ட இந்த அமைப்பு, நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரிடம் சத்தமின்றி இருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலே முழு வாழ்வும் வாழ்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கு உடனடி ஆபத்து என்று இந்த அறிக்கை சொல்லவில்லை. உங்கள் தலைவலிக்கு இதுதான் காரணமா என்பதே அடுத்துக் கேட்க வேண்டியது.

கேள்வி: அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒற்றைத் தலைவலியும் உண்டு.

இருமல்தான் முதல் துப்பு. கியாரி தலைவலி பிடரியில் தொடங்கும். இருமும்போது, தும்மும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது, குனிந்து குடத்தைத் தூக்கும்போது, கழிப்பறையில் முக்கும்போது சுரீரென்று ஏறி, சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ இறங்கிவிடும். முக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் திடீரென்று கூடுகிறது. மூளையைச் சூழ்ந்த திரவம் கீழே வழிந்து அதைத் தணிக்க வேண்டிய பாதையை, இறங்கி நிற்கும் முனைகள் தக்கைபோல் அடைத்துக்கொள்கின்றன. இந்த நோயாளிகள் சிலரிடம் நான் கவனித்த ஒரு பழக்கம் உண்டு: தொண்டையில் இருமல் கிளம்புவது தெரிந்ததும், பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு கைகளாலும் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கைகள் எனக்குச் சொன்ன அளவுக்குப் பல ஸ்கேன் படங்கள் சொன்னதில்லை.

மணிக்கணக்கில் நீடித்து, வெளிச்சம் பொறுக்காமல், குமட்டலோடு வரும் ஒருபக்க வலி ஒற்றைத் தலைவலியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக உடம்பு முழுவதும் வலி, அசதி, தூக்கமின்மை. ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லிவிட்டார்கள். உண்மையான காரணம் கியாரிதான் என்றும் அறுவை செய்தால் எல்லாம் போய்விடும் என்றும் படித்தேன். நான் அறுவை செய்துகொள்ளலாமா?

நீங்கள் படித்த கருத்து 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் சொல்லும் பிடரி வலி, தலைசுற்றல், கைகால் மரத்தல், அசதி ஆகியவை கியாரி நோயாளிகள் சொல்பவற்றோடு வெகுவாக ஒத்துப்போவதால், சில அறுவை மருத்துவர்கள் அவர்களுக்கும் பிடரி எலும்பை அகற்றத் தொடங்கினார்கள். பலர் நம்பிக்கையோடு போய்ப் படுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; எட்டு ஆண்டுகள் யாரும் விளக்கம் சொல்லாத வலிக்கு, படத்தில் விரல்வைத்துக் காட்டும்படி ஒரு காரணம் கிடைத்தால் யார்தான் பற்றிக்கொள்ள மாட்டார்கள்?

பிறகு சியாட்டில் நகர ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 176 பேரையும் வலியே இல்லாத 67 பேரையும் ஸ்கேன் செய்ததில், முதல் குழுவில் 2.8 விழுக்காட்டினருக்கும் வலியில்லாத குழுவில் 4.5 விழுக்காட்டினருக்கும் கியாரி இருந்தது. புள்ளியியல்படி இரண்டும் சமம்தான். சிறுமூளை முனைகள் நிற்கும் இடத்திலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே, இருமல் தலைவலியோ தண்டுவடப் பாதிப்பின் அறிகுறிகளோ இல்லாமல், உடல் முழுவதும் வலி என்ற காரணத்துக்காக மட்டும் பிடரியைத் திறக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அறுவை வேண்டாம் என்று நான் சொல்வதை, உங்கள் வலி பொய் என்று சொல்வதாக வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபைப்ரோமயால்ஜியாவில் வலியைக் கையாளும் நரம்புப் பாதைகளே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. அதற்குத் தனி மருந்துகளும், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும், தூக்கச் சீரமைப்பும் இருக்கின்றன.

கேள்வி: என் அண்ணன் டீக்கடை வைத்திருக்கிறார். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால்கூட அவருக்குச் சூடு தெரிவதில்லை, கையெல்லாம் தழும்பு. ஆனால் அதே கையும் தோளும் இரவில் நெருப்பாக எரிகிறது என்கிறார். கியாரியோடு சிரிங்கோமைலியா என்றும் சொன்னார்கள். வலியே தெரியாத கை எப்படி வலிக்கும்?

இதைவிட நல்ல கேள்வியை என் மாணவர்கள்கூடக் கேட்டதில்லை. இதயம் துடிக்கும்போதெல்லாம் திரவம் பெருந்துளை வழியே மேலும் கீழும் போய்வர வேண்டும். பாதை அடைபட்டால் அந்த அழுத்தம் தண்டுவடத்தின்மீது விழுந்து, நாளடைவில் அதன் நடுவில் திரவம் நிறைந்த குழாய்போன்ற குழி உருவாகிறது, அதுவே சிரிங்கோமைலியா. சூட்டையும் வலியையும் கொண்டுசெல்லும் இழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கடக்கின்றன. குழி அவற்றை முதலில் அறுத்துவிடுகிறது. தொடு உணர்வின் இழைகள் பின்பக்கமாகப் போவதால் தப்பிவிடுகின்றன. எனவே பாத்திரத்தைத் தொட்டது உங்கள் அண்ணனுக்குத் தெரியும். அது சுட்டது தெரியாது.

அப்படியானால் எரிச்சல் ஏன்? குழி தண்டுவடத்தின் பின்கொம்பு என்னும் பகுதிவரை பரவினால், வலிச் செய்திகளை வடிகட்டி அடக்கிவைக்கும் நரம்புச் செல்கள் சேதமடைகின்றன. அடக்குவார் இல்லாததால், மீதமுள்ள செல்கள் வெளியே எதுவும் நடக்காதபோதும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற நாயினத்துக்கு இதேபோன்ற குறைபாடு மிகுதியாக வருகிறது. அந்த நாய் நடந்து போகும்போதே பின்காலைத் தூக்கித் தோள்பக்கம் சொறியும். ஆனால் நகம் தோலில் படாது, வெறும் காற்றைச் சொறியும். தோலில் ஒன்றும் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது. அண்ணன் சொல்லும் எரிச்சலும் அத்தகையதே, அவரை நம்புங்கள்.

கடையில் தடித்த பிடிதுணி இல்லாமல் அவர் எதையும் தொடக் கூடாது. பிடிமானம் குறைகிறதா, விரலிடைத் தசை மெலிகிறதா என்று பார்க்க வேண்டும். இவரைப் போன்றவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லதில்லை.

கேள்வி: அறுவை செய்தால் வலி முற்றிலும் போய்விடுமா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது. பிடரி எலும்பில் ஒரு பகுதியையும், பெரும்பாலும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் அகற்றி, தேவைப்பட்டால் மூளை உறையைத் திறந்து ஒட்டுப்போட்டு விரிவாக்குவதே வழக்கமான அறுவை. இருமல் தலைவலி இதற்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. தண்டுவடக் குழியும் பலருக்குச் சுருங்குகிறது. ஆனால் கையின் எரிச்சல், குழி சுருங்கிய பிறகும் ஓரளவு தங்கிவிடுவது உண்டு. அறுந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. அதற்குப் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டதால் மனமுடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மும்பையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல், முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் நிலையின்மையே கியாரிக்கு மூலம் என்றும், அவற்றைத் திருகாணியால் இணைப்பதே தீர்வு என்றும் வாதிடுகிறார். எலும்பு விலகல் தெளிவாக உள்ளவர்களுக்கு இணைப்பு தேவை என்பதில் ஐயமில்லை. எல்லோருக்கும் அதுவே வழி என்பதை உலகின் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஏற்கவில்லை.

கேள்வி: எனக்கு எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனில் கியாரி என்கிறார்கள்.

தயவுசெய்து அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். முதுகில் எங்காவது தண்டுவடத்தைச் சூழ்ந்த உறை கிழிந்து திரவம் கசிந்தால், மூளை தொய்ந்து கியாரி போலவே தோன்றும். கசிவை அடைத்தால் மூளை தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அங்கே பிடரி எலும்பை அகற்றுவது நோயை விட்டுவிட்டு நிழலை அறுப்பதாகும்.

கேள்வி: முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிக்கும்போது சுகமாக இருக்கிறது. செய்துகொள்ளலாமா? சிரசாசனம்?

இரண்டும் வேண்டாம்.

கேள்வி: அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கழுத்துத் தண்டுவடத்தையும் ஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள். அதுவரை ஒரு நோட்டில், வலி வந்த ஒவ்வொரு முறையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நொடி நீடித்தது, படுத்ததும் கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள். விழுங்கும்போது புரையேறினாலோ, தூக்கத்தில் மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.