இமை சத்திரசிகிச்சைக்குப் பிறகு: கொழும்பு வாசகர்களின் கேள்விகள்

இமைத் தோல், கண் பை அகற்றிக்கொண்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கண் வார்டில் நெடுங்காலம் வேலை செய்த தாதி என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை: மிஸ், செய்து மூன்று நாள். நேற்றைவிட இன்று வீக்கம் கூட. இடது கண் பாதிதான் திறக்குது. பிழைச்சுப் போச்சோ?

இல்லை தங்கச்சி. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். கண்டல் கன்னம்வரை இறங்கி, மஞ்சளாகி, இரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறாது. முதல் 48 மணித்தியாலம் குளிர் ஒத்தடம் நல்லது. ஐஸை நேரே வைக்க வேண்டாம், மரத்த தோலுக்குக் குளிர் சுடுவது தெரியாது. தலையை உயர்த்திப் படுங்கோ.

கொட்டாஞ்சேனை: எது நடந்தால் உடனே ஓட வேணும்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரு கண்ணில் வலி பனடோலுக்கும் அடங்காமல் ஏறுது, இமை இறுகி விறைக்குது, கண் முன்னுக்குத் தள்ளுது, பார்வை மங்குது அல்லது இரட்டையாகத் தெரியுது என்றால், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை நெரிக்கக்கூடும். இது அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும், சில மணித்தியாலத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போகலாம். விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீங்கோ. செய்த டொக்டருக்கு அடியுங்கோ. அவர் கிடைக்காவிட்டால் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கோ, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. முதல் நாள் இரவு ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவர்க் கலண்டரின் எழுத்து தெரியுதா என்று அடிக்கடி பாருங்கோ. வீட்டில் ஒருவர் துணைக்கு இருக்கத்தான் வேணும்.

தெஹிவளை: அப்பாவின் அஸ்பிரினை நிறுத்தினவை. எப்ப திரும்பத் தொடங்கலாம்?

அதை இருதய டொக்டரும் சத்திரசிகிச்சை நிபுணரும் பேசித்தான் முடிவெடுக்க வேணும். வலிக்கு இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

மருதானை: தொழுகையில் சுஜூது செய்யலாமா மிஸ்?

முதல் ஒரு கிழமை, டொக்டர் சொன்னால் இன்னும் கொஞ்ச நாள், கதிரையில் இருந்து தொழுங்கோ. தலை குனிந்தால் முகத்துக்கு இரத்த அழுத்தம் கூடும். பிள்ளையைத் தூக்குவதும் அப்படித்தான்.

பம்பலப்பிட்டி: நித்திரையில் கண் முழுதாக மூடுதில்லை. காலையில் மணல் விழுந்த மாதிரி உறுத்துது. தாய்ப்பால் விடச் சொல்லி அம்மா நிக்கிறா.

அம்மாவின் அக்கறை விளங்குது, ஆனால் தாய்ப்பாலோ நெய்யோ கற்றாழையோ வேண்டவே வேண்டாம். ஆறாத தையலுக்குள் கிருமி போய்விடும். வீக்கத்தால் இமை தற்காலிகமாக மூடாமல் இருப்பது வழமை. டொக்டரிடம் கேட்டுப் பகலில் கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஜெல் பாவியுங்கோ. கீழ் இமை வெளியே தொங்கினாலோ, வெளிச்சம் தாங்காவிட்டாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் காட்டுங்கோ.

வெள்ளவத்தை: அடுத்த மாதம் தங்கச்சியின் கல்யாணம். மை போடலாமோ?

தையல் 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். மையும் கொன்டக்ட் லென்ஸும் இரண்டு கிழமைக்குப் பிறகு, அதுவும் டொக்டர் சம்மதித்தால். பழைய மையை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கோ. தழும்பின் சிவப்பு மாதக் கணக்கில் இருக்கும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். இன்னும் செய்யவில்லையென்றால், கல்யாணம் முடிந்த பிறகு செய்யுங்கோ.